வண்டி ரொம்ப ஆடுதுப்பா

ஜெயபாண்டிக்குப் போனிலேயே வைத்தியம் பார்க்கிற பழக்கம் உண்டு. மனுஷனுக்கு அல்ல, மெஷினுக்கு. இராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லில் முப்பத்தோரு வருஷமாக ஃபிட்டர். ஓடுகிற மெஷின்மேல் ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் பேர் வாங்கியது போனில்தான். சுந்தரபாண்டியத்தில் யார் வீட்டு மோட்டாராவது இழுக்கவில்லை என்றாலும், வத்திராயிருப்பில் ஒரு கிரைண்டர் கத்தினாலும், "போனைக் கொண்டுபோய் அது பக்கத்துல பிடி" என்பார். ரெண்டு நிமிஷம் கேட்டுவிட்டு "பெல்ட்டை மாத்து" என்றோ "கன்டென்சர் போச்சு" என்றோ சொல்வார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். அந்த எட்டை ஊரே பேசும். மிச்சம் ரெண்டை அவரே மறந்துவிடுவார். நேரில் வரச் சொன்னால் மட்டும் பிடிக்காது. "இதுக்குப் போயி நான் வரணுமா?" என்பார், வந்தால் தன் கெட்டிக்காரத்தனத்தில் ஏதோ குறைந்துவிடும் என்கிற மாதிரி.

அவருடைய ஒரே மகள் நாகஜோதி ஆடி மாசம் முதல் வியாழக்கிழமை மத்தியானம், சங்கரன்கோவிலில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து தன்னந்தனியாகப் பழைய ஆல்ட்டோவை ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. கூட மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் இல்லை. வருகிறேன் என்று ஒரு போனும் இல்லை. அம்மா வெங்கடேஸ்வரி அடுப்பை அணைக்காமலே வெளியே வந்து, "என்னட்டி இது, திடீர்னு?" என்றாள்.

"வண்டி ரொம்ப ஆடுதும்மா. அப்பாட்ட காட்டணும்" என்றாள் ஜோதி.

அந்த ஆல்ட்டோ ஜெயபாண்டியுடையது. வாங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. ஜோதி காலேஜில் படிக்கும்போதே அதில்தான் ஓட்டப் பழகினாள். கல்யாணம் ஆனதும், மகள் வேலைக்குப் போய்வர ஆகும் என்று சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார். வேலையை மூன்றாவது மாசமே புருஷன் வீட்டில் விடச் சொல்லிவிட்டார்கள். வண்டி மட்டும் அங்கேயே நின்றது.

வியாழன் சாயங்காலமே வெங்கடேஸ்வரி சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, "காரு ரிப்பேருக்காக வந்திருக்கா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்கும் அதே பதில்தான். வெள்ளிக்கிழமை அவளுடைய அண்ணன் ஆண்டிச்சாமி வந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஜோதியை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் அவருக்கு.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் நாலு மணிக்கு நானே கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வாரேன். அதுக்குள்ள வண்டிய முடிச்சுருங்க மாப்ளே" என்றார்.

"முடிச்சுருவேன் மச்சான்" என்றார் ஜெயபாண்டி.

ஆக, விஷயம் இப்படி ஆயிற்று. வண்டி சரியானால் ஜோதி கிளம்ப வேண்டும். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணவில்லை. காருக்காக வந்தவள் கார் சரியானதும் போகத்தானே வேண்டும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஜோதியும் மறுக்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், சொன்ன இடத்தில் படுத்தாள். மூன்று நாளாக அந்த வீட்டில் யாரும் அழவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. சனிக்கிழமை தோசை ஊற்றும்போது ஜோதியின் வலது சுண்டுவிரல் கல்லில் பட்டுக் கொப்புளமாகிவிட்டது. அவள் விரலை எடுக்கவே இல்லை. கருகிய வாடை வந்து வெங்கடேஸ்வரிதான் கையைத் தட்டிவிட்டாள். "நெனப்பு எங்க இருக்கு ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே பற்பசையைத் தடவினாள். அந்தக் கையை வெங்கடேஸ்வரி கொஞ்ச நேரம் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஜெயபாண்டிக்கும் உள்ளே ஒன்றும் ஓடவில்லை. மகளைப் பார்த்தால் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. மில்லில் ஷிப்டு முடிந்து வெளியே வந்ததும் காது கொஞ்ச நேரம் அடைத்துக் கிடக்குமே, அப்படி நெஞ்சு அடைத்துக் கிடந்தது. செய்வதற்கு ஒரு வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். சனிக்கிழமை ஷிப்டு முடித்து வரும்போது இராஜபாளையத்திலேயே புது மவுண்டிங் ஒரு செட் வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார். வாசலில் சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றிவிட்டார். முன்பக்கத்தைத் தூக்கி ரெண்டு இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்தார். பிறகு இன்ஜினுக்கு அடியில் பலகைத் துண்டு ஒன்றை வைத்து ஜாக்கியைக் கொடுத்து, பாரம் மவுண்டிங்கை விட்டு ஜாக்கிக்கு வருகிற அளவுக்கு மட்டும் ஏற்றினார். பக்கத்தில் துடைக்கிற துணி ஒரு குவியல். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற இடங்களில் கழித்துப் போட்டது மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அந்தப் பக்கத்து ஃபிட்டர்கள் எல்லாரும் கிரீஸ் கையை ஆஸ்பத்திரித் துணியில்தான் துடைப்பார்கள்.

மவுண்டிங் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர். இன்ஜினின் நடுக்கத்தைத் தான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு விடாமல் வைத்திருக்கும். அந்த வண்டிக்கு மூன்று. ஒன்றைக் கழற்றினால் அதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பது ஜெயபாண்டியின் சட்டம். ரெண்டை ஒரே நேரத்தில் கழற்றுகிறவனை மில்லில் பக்கத்திலேயே சேர்க்க மாட்டார்.

முதல் மவுண்டிங்கின் போல்ட் அசையவில்லை. டீசலைச் சொட்டு சொட்டாக விட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருக்கும்போது போல்ட்டின் தலையைப் பார்த்தார். அதன் மேல் பதினாறு வருஷத்து மண்ணும் எண்ணெயும் இறுகிக் கிடந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

இது அவருக்கு இடித்தது. ஏனென்றால் இந்த மவுண்டிங்கை எல்லாம் ஏழு மாசத்துக்கு முன்னால் மாற்றியாகிவிட்டது.

கார்த்திகையில்தான் ஜோதி முதல்முதலாகப் போன் பண்ணினாள்.

"அப்பா, வண்டி ரொம்ப ஆடுதுப்பா. ஒரு எட்டு வந்து பாக்கீங்களா?"

"நிக்கும்போது ஆடுதா, ஓடும்போது ஆடுதா?"

"நிக்கும்போதும் ஆடுது."

"ஏசி போட்டாக் கூடுதா?"

"கூடுது."

"அப்ப மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். ஒண்ணும் ஆவாது, மெதுவா ஓட்டு. பொறவு பாத்துக்கிடலாம். அதென்ன, ஒன் குரலு கெணத்துக்குள்ள இருந்து வாரமாதிரி இருக்கு?"

"தெரியலப்பா."

"மைக் ஓட்டையில தூசி அடைச்சிருக்கும். பழைய பல்பிரஷ்ஷால தட்டு. ஊசிய விட்டுக் குத்திராத."

ஒரே போனில் ரெண்டு வைத்தியம் பார்த்த திருப்தியோடு அன்றைக்குச் சாப்பிட்டார். அடுத்த வாரம் மறுபடி போன். அதற்கடுத்த வாரமும். வண்டி ஆடுதுப்பா, வந்து பாருங்கப்பா. மார்கழியில் அவரே ஒரு செட் மவுண்டிங் வாங்கி, பேண்டேஜ் துணியில் சுற்றி, துணியின் கரையைக் கிழித்து அதிலேயே கட்டி, மேலே மார்க்கரில் பெயர் எழுதி, தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து விட்டார். அங்கே யாராவது ஒரு மெக்கானிக்கை வைத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார். பத்து நாள் கழித்து, "மாட்டியாச்சுப்பா. இன்னும் ஆடுது" என்றாள். புது ரப்பர் செட்டாக நாளாகும் என்றார். தை, மாசி, பங்குனி என்று போன் வந்துகொண்டே இருந்தது. "ஒரு எட்டு வந்து பாத்துருங்களேன்ப்பா" என்பாள். "இதுக்குப் போயி நான் வரணுமா? மில்லுல ஓவராலிங் ஓடுதுல்ல" என்பார். சித்திரைக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வண்டி சரியாகிவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

டீசல் இறங்கிப் போல்ட் கொடுத்தது. மவுண்டிங்கைக் கையில் எடுத்தார். கம்பெனியில் போட்டு வந்த பழைய ரப்பரேதான். வாய் பிளந்து, இரும்பை விட்டுப் பிய்ந்து கிடந்தது.

"ஏட்டி ஜோதி" என்று கூப்பிட்டார். அவள் வாசற்படிக்கு வந்தாள். "இத எவன் மாட்டுனான்? ஒண்ணை மாட்டாமலே விட்டுருக்கான் பாரு. ஏமாத்திருக்கான்."

"யாருன்னு மறந்துபோச்சுப்பா."

"மறக்குமா? கடை எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

சங்கரன்கோவிலில் இருக்கும் ஏதோ ஒரு மெக்கானிக்கை மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே ஜெயபாண்டி புது மவுண்டிங்கை ஏற்றி, போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கினார்.

ரெண்டாவது மவுண்டிங்குக்கு ரெண்டு ஆள் வேண்டும். மேலே ஒருவர் நட்டை ஸ்பேனரால் அசையாமல் பிடிக்க, கீழே ஒருவர் போல்ட்டைத் திருக வேண்டும். ஜோதியை அழைத்து மேலே நிறுத்தி, ஸ்பேனரை நட்டில் மாட்டிக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்து உள்ளே போனார். சின்னப் பிள்ளையிலிருந்து அவள் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழகியவள். பன்னிரண்டா பதினாலா என்று கேட்கவே மாட்டாள், பார்த்ததும் சொல்லுவாள்.

கீழேயிருந்து ஒரு சுற்றுச் சுற்றினார். மேலே ஸ்பேனர் வழுக்கி விழுந்தது.

"கெட்டியாப் பிடி."

மறுபடி சுற்றினார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது அவர் வெளியே வந்து எழுந்து நின்றார். திட்டுவதற்குத்தான் எழுந்தார். ஜோதி இடது கையால் ஸ்பேனரை எடுத்து வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் அடுத்த ரெண்டு விரலும்தான் பிடித்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கினபடியே தனியாக நின்றன. சுண்டுவிரலில் நேற்றைய கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. அதன்மேல் இரும்பு உரசியும் அவள் முகம் மாறவில்லை.

"அந்த வெரலுக்கு என்ன?"

"பிடிக்க மாட்டேங்குதுப்பா. மரத்துப் போச்சு."

"எப்ப இருந்து?"

"கார்த்திகையில இருந்து."

ஜெயபாண்டி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கேட்பதற்கு நிறைய இருந்தது. "எடக்கையால பிடி" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கீழே படுத்தார். அவர் பெரிய கோழை என்று சொல்ல மாட்டேன். கையில் ஸ்பேனர் இருக்கும்போது வேறு எதையும் பார்க்காமல் இருந்து பழகிய மனுஷன், அவ்வளவுதான். இடது கையால் அவள் பிடித்தாள். போல்ட் வந்தது. அந்த மவுண்டிங்கும் பழசுதான். அதன் போல்ட்டிலும் ஸ்பேனர் தடம் இல்லை.

இந்தத் தடவை அவர் மெக்கானிக்கைத் திட்டவில்லை. புதுசை மாட்டி முடித்தார்.

மூன்றாவது பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. ஸ்பேனருக்குக் கை நீளம் பத்தவில்லை. ஸ்பேனரோடு சேர்த்துப் போடக் குழாய் ஏதாவது வேண்டும். டிக்கியில் சக்கரம் கழற்றுகிற கம்பி இருக்கும், அதன் பிடி குழாய்தான் என்று ஞாபகம் வந்தது. போய் டிக்கியைத் திறந்தார். விரிப்பைத் தூக்கினார். கம்பி ஸ்டெப்னிக்கு அடியில் இருந்தது. ஸ்டெப்னியைத் தூக்கினார்.

அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. வெள்ளைத் துணி, மேலே மார்க்கரில் எழுத்து. நாகஜோதி, சங்கரன்கோவில் என்று அவரே எழுதியது. கரையைக் கிழித்துப் போட்ட முடிச்சு. மில்லில் பழகிய முடிச்சு, ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் அவிழ்கிற மாதிரிப் போட்டிருந்தார். யாரும் இழுத்திருக்கவில்லை.

பொட்டலத்தோடு வண்டியின் முன்பக்கத்துக்கு வந்தார். ஜோதி திறந்திருந்த பானெட்டின் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அவர் கையில் இருப்பதைப் பார்த்தாள். பயப்படவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை.

"இது மாட்டவே இல்லியே" என்றார்.

"ஆமாப்பா."

"மாட்டியாச்சுன்னு சொன்னியே."

"மாட்டுனா ஆட்டம் நின்னுரும்லப்பா. நின்னுருச்சுன்னா ஒங்களை என்ன சொல்லிக் கூப்பிட?"

ஜெயபாண்டி பொட்டலத்தைக் கீழே வைத்தார். குழாயை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். முகத்தைப் பார்க்காமல் பேச அவருக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஜோதியின் கால் மட்டும் தெரிந்தது. ரப்பர் செருப்பு, இடது காலில் வார் தேய்ந்து கிடந்தது.

"போன்ல சொல்லியிருக்கலாம்ல."

"அந்த வீட்டுல போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும்ப்பா. அத்தை எதுக்க உக்காந்திருப்பாக. வண்டியப் பத்திப் பேசுனா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி கேட்ட குரல் அவருக்கு ஞாபகம் வந்தது. பல்பிரஷ்ஷால் தட்டச் சொன்னது ஞாபகம் வந்தது.

"கையி?"

"முழங்கையக் கதவு நெலையில வச்சு, அதுமேலயே கதவச் சாத்துனாரு."

"யாரு, ஹரிகிருஷ்ணனா?"

"ம்."

"எதுக்கு?"

"கார்த்திகைத் தீபத்துக்கு இங்க வரணும்னு கேட்டேன்."

"அதுக்குப் பொறவும் அடிச்சானா? எத்தனை தட—" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிற்கும்போது ஆடுகிறதா, ஓடும்போது ஆடுகிறதா என்று கேட்ட அதே குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். தன் குரல் தனக்கே அசிங்கமாக இருந்தது. பதினோரு போன். தை மாசம் ஒரு நாள் அவள் ஒன்றுமே பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "சரிப்பா, வச்சுரவா?" என்று கேட்டாள். வை என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு மில்லில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அழுகை வர வேண்டிய இடம் இது. வரவில்லை. குழாயைப் போட்டு இழுத்தார், போல்ட் கொடுத்தது. பழைய மவுண்டிங் ரெண்டு துண்டாகவே கையில் வந்தது.

"ஜோதி, அந்தப் பொட்டலத்தப் பிரிச்சு அதுல சின்னது ஒண்ணு இருக்கும், அதக் கொடு."

"புதுசு இங்க இருக்குப்பா."

"நான் ஒனக்கு அனுப்புனதக் கொடு."

முடிச்சை அவள் இடது கையால் இழுத்தாள். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. ரப்பரை வலது கையில் எடுத்துக் குனிந்து நீட்டினாள். அதை வாங்கிய அவர், அவள் விரல்கள் ரெண்டையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். மரத்த விரல்கள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. அது அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"போகணும்னு இருக்கா ஒனக்கு?"

"வண்டி சரியானாப் போகணும்னு அம்மா சொன்னாக."

"அம்மா சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

செருப்பு ரெண்டும் கொஞ்சம் நகர்ந்தன. "போகலப்பா" என்றாள்.

மூன்றாவது மவுண்டிங்கை மாட்டி முடிக்கையில் மணி மூன்றரை. ஜாக்கியை இறக்கினார், ஸ்டாண்டை எடுத்தார், பேட்டரி வயரை மாட்டினார். மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஃபிட்டர் வேலையை முடித்தால் தானே ஓட்டிப் பார்த்துவிட்டுப் போக முடியாது. அந்த மெஷினை ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஜோதியை உட்காரச் சொன்னார். அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்தது. ஸ்டியரிங்கில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு செத்த நேரம் இருந்தாள்.

"ஆடலப்பா" என்றாள்.

நாலு மணிக்குச் சொன்னபடி ஆண்டிச்சாமி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சமாதானத்துக்குப் போகிற முகம். கையில் சம்பந்தி வீட்டுக்கென்று ஒரு பால்கோவா டப்பா. வண்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, "என்ன மாப்ளே, பூனை மாதிரி ஓடுது. சொன்ன நேரத்துக்கு முடிச்சுட்டீக" என்றார். "ஜோதி, பையை எடுத்துக்கிட்டு வா தாயி."

ஜோதி வண்டியைவிட்டு இறங்கி நின்றாள்.

"அவ வரல மச்சான்" என்றார் ஜெயபாண்டி. கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வரலையா? வண்டி சரியாயிருச்சே."

"வண்டி சரியாயிருச்சு. நான் போறேன்."

"நீங்க எதுக்கு?"

"அவ சர்டிபிகேட்டு, துணிமணி, நகை எல்லாம் அங்க இருக்கு. எடுத்துட்டு வரணும்."

ஆண்டிச்சாமி பால்கோவா டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "மாப்ளே, பொறுமையா இருங்க. எந்த வீட்டுல சண்டை இல்ல? நாளைக்கு நாலு பேரு என்னையத்தான் கேப்பாக, நாந்தான முன்னால நின்னேன். பேசி முடிக்கவேண்டியத வெட்டி விட்டுறாதீக."

"அவ கையப் பாருங்க மச்சான்."

"என்ன கையி?"

"பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க."

முப்பது வருஷம் ஸ்டேஷனில் எத்தனையோ பேரின் காயத்தைப் பார்த்து எழுதியவர் ஆண்டிச்சாமி. ஜோதி கையை நீட்டியதும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முழங்கையில் வெள்ளையாக ஆறிப்போன தழும்பைப் பார்த்தார், மடங்கி நின்ற விரலைப் பார்த்தார். அது எப்படி வந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டப்பாவை வாசற்படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

வெங்கடேஸ்வரி உள்ளே இருந்து வந்தாள். எவ்வளவு நேரமாகக் கதவுக்குப் பின்னால் நின்றாள் என்று தெரியாது. கையில் பழைய சூட்கேஸ் ஒன்று, காலியாக. அதைப் பின்சீட்டில் வைத்தாள். "பீரோ மேல பச்சப் பெட்டி ஒண்ணு இருக்கும். அதுலதான் அவ மார்க்சீட்டெல்லாம்" என்றாள். புருஷனிடம் சொல்வது போலத்தான் சொன்னாள், பார்த்தது மகளை. "நேத்தே கேட்டிருக்கணும்" என்றாள்.

ஜெயபாண்டி கையை முழுசாகக் கழுவாமலே ஏறி உட்கார்ந்தார். ஜோதி ஜன்னல் பக்கம் வந்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார். பத்திரம் என்றோ, சண்டை போடாதீங்க என்றோ.

"வண்டியக் கேட்டுக்குள்ள விட்டுறாதீங்கப்பா" என்றாள். "வெளிய ரோட்டுலயே, வந்த பக்கம் பாத்துத் திருப்பி நிறுத்துங்க. கெளம்பும்போது லேசா இருக்கும்."

எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தாள் என்று அவர் கேட்கவில்லை. தலையாட்டினார். மில்லுக்குப் போகிற பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தைந்து.

இராஜபாளையம் பஜாரில் முளைப்பாரி ஊர்வலம் ஒன்று குறுக்கே வந்தது. பெண்கள் தலையில் சட்டி வைத்துப் போய் முடிகிற வரை இன்ஜினை அணைக்காமல் நின்றார். வண்டி நிற்கும்போதும் ஆடவில்லை. அதற்குப் பிறகு ரோடு காலியாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் மலை கூடவே வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

சங்கரன்கோவிலில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து, வீட்டைத் தாண்டிப் போய்த் திருப்பி, வந்த பக்கம் பார்த்து ரோட்டிலேயே நிறுத்தினார். கேட்டுக்குள்ளிருந்து சம்பந்தி எட்டிப் பார்த்தார். "வாங்க சம்பந்தி, என்ன அதிசயம். வண்டி சரியாயிருச்சா?" என்றார். அவருக்குப் பின்னால் ஹரிகிருஷ்ணன் கைலியோடு வந்து நின்றான். ஜோதி வருகிறாளா என்று காருக்குள் பார்த்தான்.

ஜெயபாண்டி இறங்குவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சு முப்பத்தொன்று. வீட்டிலிருந்து இங்கே வர ஒரு மணி ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது. முளைப்பாரிக்காக ஒன்பது நிமிஷம் நின்றதையும் சேர்த்து.